பட்டுப் புடவையும் பாப் பாட்டும்

உத்திரமேரூர் வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டால், வீட்டாருக்கு உடனே இரண்டு வேலைகள் வந்து சேரும். ஒன்று, சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காஞ்சிபுரத்துக்குக் குடும்பத்தோடு பஸ் ஏறிப் போய் முகூர்த்தப் பட்டு எடுப்பது. இன்னொன்று, மைக் செட்டுக்காரரைப் பிடித்து முன்பணம் கொடுப்பது. பட்டு ஒரு பக்கம். பாட்டு ஒரு பக்கம். முன்னது வீட்டின் கௌரவம். பின்னது ஊரின் குதூகலம். இரண்டுக்கும் முடிச்சுப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அப்படி முடிச்சுப் போட்ட பெண்மணி ஒருவர் உண்டு. காஞ்சிபுரம் பட்டைக் கட்டிக்கொண்டு, நெற்றியில் பெரிய பொட்டு இட்டுக்கொண்டு, இரவு விடுதி மேடையில் ஏறி இங்கிலீஷ் பாட்டுப் பாடினார்! ஒரு நாள், இரண்டு நாள் வேடிக்கைக்காக அல்ல. ஐம்பது வருஷங்களுக்கு மேல். அவர்தான் உஷா உதுப். வம்சத்தால் தமிழர், பிறந்து வளர்ந்தது பம்பாய், வாழ்க்கைப்பட்டது மலையாளக் குடும்பத்தில், குடியிருப்பது கல்கத்தாவில். பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடியிருக்கிறார்.

அவருடைய இசைத்தட்டுகளின் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அந்தக் கதைக்குள் ஒரு கேள்வியும் ஒளிந்து கிடக்கிறது. ஒரு பெண் பாடத் தகுந்தவளா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்?

கல்லில் எழுதாத விதி

தகுதி என்ற பேச்சு வந்தால் உத்திரமேரூரை விட்டுவிட்டுப் பேச முடியாது. அங்கே வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள் இருக்கின்றன. குடவோலை முறையில் ஊர் வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்க என்னென்ன தகுதி வேண்டும் என்று வரிசையாகச் சொல்கின்றன. வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரையும், அவருடைய உறவினர் பெயரையும் குடத்தில் போடக் கூடாது. சரியோ தப்போ, விதி கல்லில் இருந்தது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பாட வரும் பெண்களுக்கு நம் நாட்டில் ஒரு விதி இருந்ததே, அதை யாரும் எந்தச் சுவரிலும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோருக்கும் அது மனப்பாடம். சினிமாப் பாட்டு ஓங்கி வளர்ந்த காலத்தில் வடக்கே லதா மங்கேஷ்கர், தெற்கே பி. சுசீலா ஆகியோரின் இனிய குரல்களைக் கேட்டுக் கேட்டு, பெண் குரல் என்றால் அது மேல் ஸ்தாயியில் மெல்லிய இழையாகத்தான் இருக்க வேண்டும் என்று மக்கள் தீர்மானித்துவிட்டார்கள். அவர்கள் இருவருடைய மேதைமை பற்றி இரண்டு பேச்சு இல்லை. ஆனால் அதையே அளவுகோலாக வைத்துவிட்டால், கனத்த சாரீரம் படைத்த பெண் என்ன செய்வாள்?

வகுப்பிலிருந்து வெளியே

1947 நவம்பரில், நாடு விடுதலை பெற்ற சில மாதங்களுக்குள், பம்பாயில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் உஷா பிறந்தார். தகப்பனார் சாமி போலீஸ் இலாகாவில் அதிகாரி. வீட்டிலே ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டே இருக்குமாம். கர்நாடக சங்கீதம், ஹிந்துஸ்தானி, மேல்நாட்டு இசை எல்லாவற்றுக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது. சிலோன் ரேடியோவும் முக்கியமான விருந்தாளி. பக்கத்து வீட்டில் இன்னொரு போலீஸ் அதிகாரியின் குடும்பம், முஸ்லிம்கள். அந்த வீட்டுப் பெண்தான் உஷாவை ஹிந்தி கற்றுக்கொள்ளவும் இந்திய சங்கீதத்தைக் கவனிக்கவும் தூண்டியவள்.

பள்ளிக்கூடத்திலோ நிலைமை வேறு. சங்கீத வகுப்பில் மற்றப் பெண்களுடைய குரலோடு உஷாவின் குரல் ஒட்டவில்லை. "உன் குரல் இதற்குச் சரிப்படாது" என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆனாலும் அந்தக் குழந்தையிடம் தாளமும் லயமும் இருப்பதை டீச்சர் கவனித்து, தட்டுவதற்கு ஒரு சின்ன வாத்தியத்தைக் கையில் கொடுத்தார். "பாடாதே, தாளம் மட்டும் போடு" என்பது தீர்ப்பு!

இந்தத் தீர்ப்பைக் கேட்டு எத்தனை பெண்கள் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உஷா மூடிக்கொள்ளவில்லை. அதற்கு வீடும் ஒரு காரணம். அக்கா உமா (பின்னாளில் 'பம்பாய் மேரி ஹை' என்ற பாட்டால் பெயர் பெற்ற உமா போச்சா) உள்பட, சகோதரிகள் மேல்நாட்டுப் பாட்டுப் பாடுகிறவர்கள். ஒன்பது வயதிலேயே உஷா, அமீன் சயானி நடத்திய 'ஓவல்டின்' ரேடியோ நிகழ்ச்சியில் பாடினார். பள்ளிக்கூடம் வேண்டாம் என்ற குரலை ஆகாசவெளி ஏற்றுக்கொண்டது.

நவரத்தினத்தில் ஒரு ரத்தினம்

சென்னை அண்ணா சாலையில் இருந்த சபையர் தியேட்டரை மூத்த வாசகிகள் மறந்திருக்க மாட்டார்கள். சபையர், எமரால்டு, புளூ டயமண்ட் என்று மூன்று தியேட்டர்கள் ஒரே வளாகத்தில். இன்று அந்தக் கட்டடம் இல்லை. அங்கே 'நைன் ஜெம்ஸ்' என்று ஓர் இரவு விடுதியும் இருந்தது. நவரத்தினம் என்று அர்த்தம். 1969-ல், சென்னைக்கு வந்திருந்த உஷாவை அவருடைய அத்தை அங்கே அழைத்துப் போனார். அங்கே உஷா மேடையேறிப் பாடினார்.

இரவு விடுதிப் பாடகி என்றால் அந்த நாளில் ஜனங்கள் மனத்தில் எழுந்த சித்திரம் என்ன? பளபளக்கும் கவுன், வெட்டிய கூந்தல், சாயம் தீட்டிய உதடு. வந்து நின்றதோ புடவை கட்டிய தமிழ்ப் பெண்! சபையோர் விழித்தார்கள். வாயைத் திறந்ததும் அந்தக் கனத்த, அடித்தொண்டைக் குரல் புறப்பட்டது. விழித்தவர்கள் கைதட்டினார்கள். தொடர்ந்து பாடும்படி விடுதிக்காரர் கேட்டுக்கொண்டார்.

"புடவை ஒரு வேஷமா?" என்று பின்னாளில் பலர் கேட்டிருக்கிறார்கள். அம்மா கட்டினார், நானும் கட்டினேன் என்பதுதான் அவர் பதில். வீட்டில் எதைக் கட்டினாரோ அதையே மேடைக்கும் கட்டிக்கொண்டு வந்தார், அவ்வளவுதான். ஆனால் அதன் விளைவு பெரியது. விடுதியில் பாடுகிறவள் வேறு, குடும்பப் பெண் வேறு என்று நடுவில் கிழித்திருந்த கோடு அன்றே அழியத் தொடங்கியது.

காஞ்சிபுரம் நெசவில் 'கோர்வை' என்று ஒன்று உண்டு. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். மூன்று நாடா ஓட்டி, இரண்டு நிறத்து ஊடைகளையும் ஒன்றோடொன்று கோத்து நெய்வார்கள். துணி கிழிந்தாலும் கிழியும், கரை பிரியாது என்று நெசவாளர்கள் பெருமையாகச் சொல்வார்கள். உஷா செய்ததும் அதே வேலைதான். மேல்நாட்டுப் பாட்டு உடல். நம் ஊர்ப் புடவையும் பொட்டும் கரை. இன்றுவரை பிரியவில்லை.

உஷா ஐயர் என்ற பெயரில்

பழைய இசைத்தட்டு சேர்ப்பவர்கள் வீட்டுக்குப் போனால், 'உஷா ஐயர்' என்று அச்சிட்ட உறைகளைப் பார்க்கலாம். அவரும் இவரேதான். உதுப் என்பது பின்னால் வந்த பெயர்.

அறுபதுகளின் இறுதியில் அவர் பாடி வெளிவந்த முதல் தட்டுகளில் முக்கியமானவை இரண்டு பாட்டுகள்: 'ஜம்பாலயா', 'க்ரீன்பேக் டாலர்'. முன்னது அமெரிக்கத் தெற்குச் சீமையின் நாட்டுப்புறப் பாணியில் ஹாங்க் வில்லியம்ஸ் 1952-ல் பாடிப் புகழ்பெற்றது. சாப்பாடும் கொண்டாட்டமுமான பாட்டு. பின்னது கிங்ஸ்டன் ட்ரியோ என்ற மூவர் குழுவின் பாட்டு. காசை மதிக்காத நாடோடியின் குரல். ஆண்கள் பாடிய இந்தப் பாட்டுகளை ஒரு பெண், தன் குரலை மெல்லியதாக்கிக் கொள்ளாமல், அதே கம்பீரத்தோடு பாடினாள். தட்டு நன்றாக விற்றது. 'ஸ்காட்ச் அண்ட் சோடா' என்ற பெயரில் அவருடைய நீண்ட இசைத்தட்டும் வந்தது.

இந்தக் காலத்துப் பெண்களுக்கு ஒரு விளக்கம். நிமிஷத்துக்கு 78 தடவை சுழலும் பழைய தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான் அடங்கும். பிறகு 45 சுற்றுச் சின்னத் தட்டு வந்தது. நிமிஷத்துக்கு 33⅓ தடவை சுழலும் பெரிய தட்டில் பக்கத்துக்கு ஐந்தாறு பாட்டுகள் இடம் பெறும். இதைத்தான் 'எல்.பி.' என்றார்கள். நம் நாட்டில் எல்.பி. என்றால் பெரும்பாலும் சினிமாப் பாட்டு, அல்லது வித்வான்களின் கச்சேரி. சினிமாக் கதாநாயகி வாயசைக்காத பாட்டுகளை, தன் பெயரையே முன்னே போட்டுக்கொண்டு, ஒரு பெண் எல்.பி.யாகக் கொண்டுவந்தது சின்ன விஷயம் அல்ல. நாஜியா ஹசனின் 'டிஸ்கோ தீவானே' வந்தது 1981-ல். அலிஷா சினாயின் 'மேட் இன் இந்தியா' வந்தது 1995-ல். அவற்றுக்கெல்லாம் முன்பே உஷா பாதை போட்டுவிட்டார்.

தேவதைக்கு ஒரு பாட்டு

சென்னைக்குப் பிறகு பம்பாய். அதன் பிறகு கல்கத்தா பார்க் தெருவில் 'ட்ரிங்காஸ்' விடுதி. அங்கேதான் ஜானி சாக்கோ உதுப் என்ற கேரளத்துக்காரரைச் சந்தித்தார். பிறகு அவரையே மணந்தார். 2024 ஜூலையில் அவர் காலமாகும் வரை அந்த இல்லறம் நீடித்தது.

வெளிநாட்டு மேடைகளும் அழைத்தன. லண்டனில், இலங்கை வானொலியில் பெயர் பெற்ற வெர்னன் கோரியா பி.பி.சி. ரேடியோ லண்டனுக்காக அவரைப் பேட்டி கண்டார். கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாவுக்கும் போனார். அங்கே ஸ்வாஹிலி மொழியில் 'மலைக்கா' என்ற பாட்டைப் பாடினார். மலைக்கா என்றால் தேவதை. ஓர் ஏழைப் பையன், பரிசப் பணம் கொடுக்க வழியில்லாததால் தன் தேவதையை மணக்க முடியவில்லையே என்று உருகும் பாட்டு அது. அங்கே பணம் தேட வேண்டியவன் மாப்பிள்ளை. இங்கே பெண்ணைப் பெற்றவர். பணம் குறுக்கே நிற்பது மட்டும் இரண்டு ஊரிலும் ஒன்றுதான்!

அந்நிய நாட்டுப் பெண் தங்கள் பாஷையில் தங்கள் துக்கத்தைப் பாடியதைக் கேட்டுக் கென்ய மக்கள் மனம் நெகிழ்ந்தார்கள். அதிபர் ஜோமோ கென்யாட்டா அவரைக் கென்யாவின் கௌரவப் பிரஜை ஆக்கினார். 'ஃபெலினி ஃபைவ்' என்ற வாத்தியக் குழுவோடு சேர்ந்து, மேடையில் பாடியதை அப்படியே பதிவு செய்து 'உஷா இன் நைரோபி' என்ற தட்டும் வெளிவந்தது. மேடைப் பதிவில் ஒரு சௌகரியம் உண்டு: பாட்டு மட்டும் அல்ல, கேட்டவர்களின் ஆனந்தமும் அதில் அகப்படும். உஷாவின் கலை முழுவதும் சபையோரோடு பேசிச் சிரித்துக் கலக்கும் கலை. ஆகவே அந்தத் தட்டுக்குத் தனி மதிப்பு.

சினிமா வாசல்

டில்லி ஓபராய் ஹோட்டலில் பாடிக்கொண்டிருந்தபோது தேவ் ஆனந்த் கேட்டார். சினிமா கூப்பிட்டது. ஏற்கெனவே 1970-ல் 'பாம்பே டாக்கி' படத்தில் சங்கர்-ஜெய்கிஷன் இசையில் பாடியிருந்தார். 1971-ல் 'ஹரே ராமா ஹரே கிருஷ்ணா'. அந்தப் படத்தின் புகழ்பெற்ற 'தம் மாரோ தம்' பாட்டில் தாமும் பாடுவதாக இருந்தது, அது கைநழுவிப் போயிற்று என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கிடைத்தது ஆஷா போன்ஸ்லேயோடு சேர்ந்த இன்னொரு பாட்டின் இங்கிலீஷ் பகுதி. அதை வைத்துக்கொண்டு அழவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை.

காத்திருந்ததற்குப் பலன் வந்தது. 1978-ல் 'ஷாலிமார்', 1980-ல் 'ஷான்' படத் தலைப்புப் பாட்டு, இரண்டும் ஆர்.டி. பர்மன் இசையில். பப்பி லாஹிரி வந்தார். நாடு முழுவதும் டிஸ்கோ ஜுரம் பிடித்தது. 'ப்யாரா துஷ்மன்' (1980) படத்தில் 'ஹரி ஓம் ஹரி', 'அர்மான்' (1981) படத்தில் 'ரம்பா ஹோ', 'டிஸ்கோ டான்ஸர்' (1982) படத்தில் 'கோயீ யஹா நாச்சே நாச்சே'. கல்யாண மைக் செட்டுகளுக்கு அந்தப் பாட்டுகள் வரப்பிரசாதமாக அமைந்தன.

தமிழ் சினிமாவும் அவரை அவ்வப்போது அழைத்தது. 1975-ல் ஏ.பி. நாகராஜனின் 'மேல்நாட்டு மருமகள்' படத்தில் 'லவ் இஸ் ப்யூட்டிஃபுல்' என்ற இங்கிலீஷ் பாட்டு. இசையமைத்தவர் யார் தெரியுமா? நெற்றி நிறைய விபூதி குங்குமத்தோடு பிடில் வாசித்த குன்னக்குடி வைத்தியநாதன்! 1990-ல் மணிரத்னத்தின் 'அஞ்சலி' படத்தில் இளையராஜா இசையில் 'வேகம் வேகம்' பாட்டு. 2010-ல் கமல்ஹாசனின் 'மன்மதன் அம்பு' படத்தில் நடிக்கவும் செய்தார். ஆனால் தமிழில் அவர் பாடியவை, அவர் குரலின் தகுதிக்குக் குறைவுதான்.

"அபசாரம்" என்ற கூச்சல்

புகழ் மட்டும்தானா? சோதனையும் வந்தது. எண்பதுகளின் ஆரம்பத்தில் மேற்கு வங்காளத்தில் மந்திரி ஒருவர், உஷாவின் பாட்டு 'அபசம்ஸ்கிருதி', அதாவது பண்பாட்டைக் கெடுப்பது என்று சொல்லி, அரசாங்க மண்டபத்தில் அவருக்கு இடம் கிடையாது என்றார். பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னதை இப்போது ஓர் அரசாங்கமே சொன்னது! குழந்தையாக இருந்தபோது எதிர்த்துப் பேச முடியவில்லை. இப்போது உஷா கோர்ட்டுக்குப் போனார். வழக்கில் ஜயித்தார்.

ஊரை விட்டுப் போய்விடவும் இல்லை. அந்தக் கல்கத்தாவிலேயே இருந்து, வங்காளியிலே அந்த நகரத்தின் அழகைப் பாடினார். 'வைப்ரேஷன்ஸ்' என்ற பெயரில் அங்கே ஒலிப்பதிவு நிலையமும் நடத்தினார். நெற்றிப் பொட்டில் கல்கத்தாவின் முதல் எழுத்தான வங்காளிக் 'க'வையே வைத்துக்கொண்டார். காலுக்குப் பட்டுப் புடவைத் துணியில் தைத்த ரப்பர் அடிச் செருப்பு மாதிரியான ஸ்போர்ட்ஸ் ஷூக்கள்! மேடையில் மணிக்கணக்கில் நிற்கிறவருக்குப் பாதமும் சௌகரியமாக இருக்க வேண்டும், புடவைக்கும் பொருந்த வேண்டும் அல்லவா?

நம் பக்கத்திலும் இப்படி ஒரு பாடம் உண்டு. எல்.ஆர். ஈஸ்வரியின் குரலைச் சினிமாவில் பெரும்பாலும் விடுதி ஆட்டப் பாட்டுக்குத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் ஆடி மாதம் பிறந்து, மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றத் தொடங்கினால், ஒலிபெருக்கியில் முதலில் எழும்புவது யாருடைய குரல்? அவர் தனித் தட்டாகப் பாடிய 'செல்லாத்தா' அல்லவா? கூரைக்கு மேல் கட்டிய குழாயில் அதைக் கேட்டுக் கிராமத்துப் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். விடுதிப் பாட்டுக்கு என்று ஒதுக்கிய குரலை அம்மனுக்குரிய குரலாக ஜனங்கள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். குரலிலே குலமும் இல்லை, குற்றமும் இல்லை.

அறுபத்து நான்கு வயதில்

2011-ல் வந்த '7 கூன் மாஃப்' என்ற ஹிந்திப் படத்தில் 'டார்லிங்' என்று ஒரு பாட்டு. 'கலின்கா' என்ற ரஷ்ய நாட்டுப்பாடல் மெட்டைத் தழுவி விஷால் பரத்வாஜ் அமைத்தது. ரேகா பரத்வாஜோடு சேர்ந்து உஷா பாடினார். 2012-ல் அந்தப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான பிலிம்ஃபேர் பரிசு இருவருக்கும் கிடைத்தது. அப்போது உஷாவுக்கு வயது 64! 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்ம பூஷண். மைலி சைரஸ் என்ற இளம் அமெரிக்கப் பாடகியின் 'ஃப்ளவர்ஸ்' பாட்டை அவர் தம் பாணியில் பாடிய காட்சி, கைப்பேசிகள் வழியே லட்சக்கணக்கானோரை எட்டியது. தட்டு போய் கேசட் வந்தது; கேசட் போய் சி.டி. வந்தது, அதுவும் போய்விட்டது. குரல் மட்டும் அப்படியே நிற்கிறது.

கேட்க விரும்பும் வாசகிகளுக்கு ஒரு வரிசை சொல்கிறோம். முதலில் 'ஜம்பாலயா', இளமையின் துள்ளல் தெரியும். அடுத்து 'மலைக்கா', அந்தக் கனத்த குரல் எவ்வளவு கனிவாகவும் பேசும் என்பது விளங்கும். பிறகு 'ரம்பா ஹோ'. குழந்தைகள் தாமே எழுந்து ஆடுவார்கள். கடைசியில் 'டார்லிங்'. நான்கையும் கேட்டு முடிக்கும்போது ஒன்று புலப்படும்: எங்கேயும் அவர் வேறொருவர் குரலைக் கடன் வாங்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு பெண் இருக்கலாம். அடுப்படியில் வேலை செய்துகொண்டே, கொஞ்சம் கனமான தொண்டையில் ஏதாவது முணுமுணுப்பாள். "என்னடி இது, ஆம்பிளைக் குரல்!" என்று சொல்ல நாக்கு எழும். ஒரு நிமிஷம் பொறுங்கள். அவள் பாடி முடிக்கட்டும்.